கறுவலும் நோன்புக் கஞ்சியும்

நான் எழுதும் இந்தக் கொப்பி யார் கையில் கிடைத்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், உம்மாவிடம் காட்ட வேண்டாம். மாமாவிடம் வேண்டவே வேண்டாம்.

என் செல்ல வாப்பா,

குப்பி விளக்கைத் தணித்து வைத்து எழுதுகிறேன். நீங்கள் மௌத்தாகி, எங்களை விட்டுப் போய் எட்டு மாதமாகிறது. வயலை மாமா பார்க்கிறார். உங்களோடு அங்கே காவல் கிடந்த நாய் கறுவல், நீங்கள் வராததைக் கண்டு தானாகவே நடந்து நம் வீட்டு வளவுக்கு வந்துவிட்டது. உம்மா அதைச் சனியன் என்றுதான் சொல்வார். ஆனாலும் வேலியோரம் கிடக்க விட்டார்.

இடையில் அதற்கு ஒரு கேடு வந்தது, வாப்பா. சொல்ல வெட்கமாக இருக்கிறது. வயிறு ஊதி ஓயாமல் காற்றுப் பிரிந்தது.

நோன்பு தொடங்கியதிலிருந்து பக்கத்து வீட்டுப் பெண்கள் இரவில் நம் முன்னறையில்தான் தராவீஹ் தொழுகிறார்கள். ஒருநாள் எல்லோரும் நெற்றியைத் தரையில் வைத்து சுஜூதில் இருக்கும்போது ஜன்னலால் வந்தது பாருங்கள் ஒரு நாற்றம்! ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் முன்னால் இருந்த ஸுபைதா மாமி திரும்பினார்.

“ஆருக்குகா ஒளு முறிஞ்ச? வெக்கப்படாமப் போய்க் கை கால் கழுவி எடுத்துட்டு வாங்க.”

அவர் பார்வை பக்கத்தில் இருந்த அடுத்த வீட்டு ராத்தாவிடம் போனது.

“என்ன ஏன்கா பாக்காய்? நான் தண்ணி மட்டும்தான் குடிச்சன்!” என்றார் அந்த ராத்தா.

அப்போது வெளியே கறுவல் இன்னொன்று விட்டது, சத்தத்தோடு. எல்லோரும் சிரித்தார்கள். உம்மா மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் மாமா முடிவு சொன்னார். “பெருநாள் கழியட்டும். தூரத்தில இரிக்கிற சாகாமத்துக்கு டிரக்டர் போகக்குள்ள இந்த நாய ஏத்தி அனுப்பிருவம்.”

குற்றம் என்னில்தான், வாப்பா. பள்ளிவாசல் கஞ்சியில் என் பங்கைத் தினமும் அதற்கு ஊற்றினேன். வயலில் உங்கள் சோற்றில் பாதியை வைப்பீர்களே, அந்த நினைவில். ஒருநாள் கஞ்சி நமக்கு வருமுன்பே முடிந்துவிட்டது. அன்றிரவு நாற்றமே இல்லை! அந்தத் தேங்காய்ப்பாலையும் உள்ளிப்பூண்டையும் வெங்காயத்தையும் நாயின் வயிறு தாங்குமா?

இப்போது முள் எடுத்த அவித்த மீனைச் சோற்றில் பிசைந்து, கொஞ்சமாக வைக்கிறேன். அவசரத்தில் காற்றையும் சேர்த்து விழுங்குகிறது என்று சட்டி நடுவில் ஒரு கல்லைப் போட்டேன். கல்லைச் சுற்றிச் சுற்றி மெதுவாகத் தின்கிறது. அதன் எச்சில் பட்டால் மார்க்கப்படி ஏழு தரம் கழுவ வேண்டுமே, அதனால் சட்டியைக் கம்பால்தான் தள்ளுகிறேன். நான்கு இரவாக நாற்றமில்லை. வயிறும் வற்றிவிட்டது. வாலை ஆட்டிக்கொண்டு திரிகிறது.

ஆனால் காரணத்தைச் சொன்னால்தானே அது குணமானதை மாமா நம்புவார்? பள்ளிவாசல் கஞ்சியை நாய்க்கு ஊற்றினேன் என்று எப்படிச் சொல்வேன்? நீங்கள் இருந்தால் ஏசுவீர்களா, சிரிப்பீர்களா?

சிரிப்பீர்கள். அதை நினைத்தால் பயம் கொஞ்சம் குறைகிறது. நாளைக்கு என் வாயாலேயே மாமாவிடம் சொல்லிவிடுவேன், வாப்பா. கறுவலை ஏற்ற விடமாட்டேன். இது உங்களுக்கு...

கதவைத் தட்டுகிறார்கள். உம்மா.

“ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்பு புள்ள. வாப்பாட கறுவலுக்கும் மீன் அவிச்சிரிக்கன், உள்ளி போடல்ல. அந்தக் கல்லையும் ஏழு தரம் கழுவி வெச்சிரிக்கன்.”

உங்கட மகள்