நீர்க்கோழிக்கு ஒரு மரப்பெட்டி

வைட்ஃபீல்ட்,
ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு, வசுமதி வணங்கி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? தைலத்தை அலமாரியில் வைத்து அழகு பார்க்காமல் தேய்த்துக்கொள்ளுங்கள்.

நான் சுகம். ஒரு கால் செருப்பு மட்டும் ஏரிச் சேற்றோடு போய்விட்டது.

எங்கள் அபார்ட்மெண்டில் ஏரியைக் காக்க ஒரு தொண்டர் படை இருக்கிறது. தலைவர் ரோஹன். ஏரியைக் காக்க முதலில் பச்சை டீ-ஷர்ட் வேண்டுமாம், அது வந்துவிட்டது. இன்று காலை, போட்டோவில் தண்ணீர் பளிச்சென்று தெரிய வேண்டுமென்று கரையோரக் கோரையை அறுத்துத் தள்ளினார்கள். அதற்குள் இருந்த நீர்க்கோழிக் கூட்டைக் குப்பை என்று முட்டைகளோடு வாரி மூட்டை கட்டினார்கள். மூட்டை கனத்ததற்குக் கைதட்டல் வேறு.

பிறகு பறவைகள் மேல் கருணை பொங்கி, அவை கூடு கட்ட மரங்களில் வர்ணமடித்த மரப்பெட்டிகளை மாட்டினார்கள்.

"நீர்க்கோழி பெட்டியில முட்டை வைக்காதுங்க. தண்ணியிலதான் கூடு கட்டும்" என்றேன்.

"பழகிக்கும் மேடம்" என்றார் ரோஹன், கேமராவைப் பார்த்தபடியே.

மிச்சமிருந்த கோரையில் இன்னொரு கூடு இருந்தது. அதன் முன்னால் சேற்றில் இறங்கி நின்றுகொண்டேன். டீ-ஷர்ட் அழுக்காகுமே என்று அந்த வீரர்களில் ஒருவரும் கிட்டே வரவில்லை. அவர்கள் இட்லி தின்னப் போனபிறகுதான் கரையேறினேன்.

அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம். யாராவது இந்தப் பக்கம் வந்தால் ஒரு ஜோடி செருப்பும் பருப்புப்பொடியும் கொடுத்தனுப்புங்கள். முழங்கால் தேவலை என்றால் நீங்களே கொண்டுவரலாம், லிஃப்ட் இருக்கிறது.

குக்கர் விசிலடிக்கிறது. இந்தப் பதினான்காவது மாடி வீடு எனக்குப் பழகிவிட்டதா என்று கேட்டிருந்தீர்களே, அதை ரோஹனிடம்தான் கேட்க வேண்டும்.

உங்கள்
வசுமதி