சிவக்காத பெட்டி

ஜூன் 10, திங்கள்

அடையாறு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போன வாரம் போட்டுக்கொடுத்த மென்பொருளைப் பற்றி உமர் ஃபாரூக் சார் அலுவலகம் முழுக்கப் பெருமையடிக்கிறார். முதலாளி, அடிக்கட்டும். திரையில் அளவைத் தட்டும் ஒவ்வொரு பெட்டிக்கும் ‘அபாயம்’ என்று நானே ஒரு குணம் சேர்த்தேன். அளவு எல்லைக்கு மேலோ கீழோ போனால் அது ‘ஆம்’ ஆகும், பெட்டி சிவக்கும். இருபது பழைய பதிவுகளைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். இருபதும் சரி.

ஜூன் 12, புதன்

ஐயோ. நேற்று கொட்டிவாக்கத்துப் பெரியவர் ஒருவருக்குப் பொட்டாசியம் 6.8. இதயமே நின்றுபோகக்கூடிய அளவு. பெட்டி வெள்ளையாகவே இருந்ததாம். கூடத்தில் அதைத் தட்டச்சு செய்த தேவானை அக்கா அறிக்கையை அப்படியே அனுப்பிவிட்டார். பெரியவருடைய டாக்டர் பார்த்துப் பதறி ஆஸ்பத்திரியில் சேர்த்ததால் பிழைத்தார்.

அக்காவிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். பதினாறு வருட வேலை, போய்விடும் போலிருக்கிறது. உமர் சார் சொல்கிறார்: “நம்ம மேல தப்பு இல்ல டீனா. அந்தம்மாவுக்குக் கண்ணு இல்லையா? நீ வாயத் தொறக்காத.”

ஜூன் 13, வியாழன்

அதே பதிவைத் திறந்தேன். சிவப்பு. மூடித் திறந்தேன். சிவப்பு! எனக்கு மட்டும் ஏன் ஒழுங்காக வேலை செய்கிறது? சனியன்.

ஜூன் 14, வெள்ளி

சாரிடம் சொல்லாமல் அடையாறு போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் பழைய பதிவு எதையும் திறக்கவில்லை. காலிப் படிவத்தில் 6.8 என்று தட்டினார். வெள்ளை.

“பாத்தியா பாப்பா? வெள்ளையாத்தான் கீது. நான் இன்னா, பொய்யா சொல்றேன்?”

பழைய பதிவைத் திறக்கும்போதே குணம் ‘ஆம்’ என்றிருந்தால் பெட்டி சிவப்பாகவே வரும். நான் பார்த்ததெல்லாம் அதைத்தான். திரையில் வந்த பிறகு குணம் மாறினால், பெட்டியின் பழைய தோற்றத்தைக் கழற்றிப் புதிதாக மாட்டும்படி நிரலில் நாம்தான் சொல்ல வேண்டும். இரண்டே வரி. நான் எழுதவில்லை. ஒரு முறையாவது புதிதாகத் தட்டிப் பார்த்திருக்கக் கூடாதா நான்?

ஜூன் 15, சனி

கூடத்தின் தலைமை டாக்டர் மணிமொழியிடம் தப்பு என் நிரலில்தான் என்று சொல்லிவிட்டேன், அக்காவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. விளக்கக் கடிதம் வேண்டாம் என்றுவிட்டார். உமர் சார் போனில் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். அக்கா என்னைப் பார்க்காமல் எழுந்து தன் மேசைக்குப் போய்விட்டார். ஏன், எனக்குப் புரியவில்லை. அழுகை வந்தது.

ஜூன் 17, திங்கள்

சார் முகம் கொடுத்துப் பேசவில்லை. போகட்டும்.

ஜூன் 19, புதன்

திருத்தியதைக் கூடத்தில் போட்டேன். தட்டியவுடன் சிவந்தது. அக்கா சிரிக்கவில்லை.

“பதினாறு வருசமா நம்பரப் படிச்சிக்கினு இருந்தேன். உன் பொட்டி வந்து ஒரு வாரம் ஆவல, கலரப் பாக்க ஆரம்பிச்சிட்டேன். அந்த 6.8 என் கையால தட்டுனது பாப்பா.”

அக்கா நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

“மொதல்ல நான் சொல்றேன். அப்பால உன் பொட்டி சொல்லட்டும். முடியுமா?”

அங்கேயே உட்கார்ந்து நிபந்தனையை மாற்றினேன். ஒவ்வொரு அளவுக்கும் ‘சரி’ அல்லது ‘அபாயம்’ என்று அக்கா குறித்த பிறகுதான் இனி நிறம் வரும். அதுவரை எல்லாம் வெள்ளை.

ஜூன் 22, சனி

இன்றும் அடையாறில்தான். முதல் பத்து பேருடைய அளவுகளில் அபாயம் ஒன்றுமில்லை. பதினோராவதில் அக்கா நிறுத்தி, எண்ணை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். ‘அபாயம்’ என்று குறித்தார். ஒரு கையால் போனை எடுத்துவிட்டார்.

“டாக்டர், சோடியம் நூத்திப் பதினாலு, ரொம்பக் கம்மி, ஒடனே பாருங்க.”

பெட்டி சிவந்ததை நான் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.