மோகனாவின் தலையில் ஐந்து வில்லைகள்

தஞ்சோங் கிளிங்
17.8.1997

மாரியம்மன் துணை

மோகனா அப்பாவுக்குக் கமலவேணி வணங்கி எழுதுவது. பிள்ளையும் நானும் இங்கே இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. மிரியில் மழை நின்றதா? வெல்டிங் செய்யும்போது கண்ணாடி போடாமல் இருக்காதீர்கள்.

புதன்கிழமை போனில், பிள்ளைக்கு ஆப்பரேஷன் செய்யலாமாம் என்று சொன்னேன். நீங்கள் அழுதுகொண்டே சிரித்தது அபூபக்கர் பாய் கடை வாசல்வரை கேட்டது. செலவுக்காக இன்னும் மூன்று மாதம் வேலைக்கு எழுதிக் கொடுக்கிறேன் என்றீர்கள். நான் சொன்னது தப்புங்க. திருத்திச் சொல்ல நேற்று இரண்டு தடவை கடைவரை போய்த் திரும்பிவிட்டேன். போனில் உங்கள் பக்கத்தில் ஆட்கள் நிற்பார்கள். இதை உட்கார்ந்து படியுங்கள்.

மலாக்காவில் எடுத்த சி.டி. படத்தில் எலும்பும் கட்டியும் தெளிவாம், கோலாலம்பூரில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில் மூளை தெளிவாம். இரண்டையும் கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்று பொருத்தினால்தான் கட்டி இருக்கும் இடம் சரியாகத் தெரியும் என்றார் டாக்டர் பாலகிருஷ்ணன். அதற்காகப் பிள்ளை தலையில் அடையாளத்துக்கு ஐந்து சின்ன வில்லைகள் ஒட்டியே முதல் படத்தை எடுத்தார்கள். அடுத்த படத்திலும் அவை அதே இடத்தில் இருக்க வேண்டும். "திங்கக்கிழமை வரைக்கும் தொடாதீங்கம்மா, தண்ணிகூட படவேணாம்" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை தொட்டுவிட்டேன். ஆப்பரேஷன் என்றால் எப்படியும் மழிப்பார்கள். அந்த முடி ஆஸ்பத்திரிக் குப்பைக்குப் போவதற்கு முன் அம்மனுக்குப் போகட்டும் என்று நினைத்தேன். காதிலிருந்தும் மூக்கு நுனியிலிருந்தும் நூல் பிடித்து, ஐந்து அளவையும் நோட்டில் எழுதிக்கொண்டுதான் கழற்றினேன். மொட்டையடித்துச் சந்தனம் பூசி, காய்ந்ததும் துடைத்து, அதே அளவில் திரும்ப ஒட்டினேன். மோகனா கண்ணாடியைப் பார்த்து, "நம்ம தம்புசாமி மாமா மாதிரியே இருக்கேன்லா, மீசதான் இல்ல" என்று சிரித்தாள். மறுநாள் கோலாலம்பூரில் படம் எடுத்தபோது யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இரண்டு படத்தையும் சேர்த்தபோது கட்டி மூளைத்தண்டை விட்டுத் தள்ளி நின்றது. புதன்கிழமை உங்களிடம் சொன்னது அதைத்தான்.

வெள்ளிக்கிழமை டாக்டர் மறுபடி கூப்பிட்டார். திரையில் ஒரு படத்தின் கண்குழிமேல் இன்னொன்றின் கண் உட்காரவில்லை. வில்லையை யாராவது கழற்றினீர்களா என்றார். இல்லை என்றேன். அவர் அந்தக் கண்குழியை விரலால் தொட்டுக் காட்டினார். சொல்லிவிட்டேன். திட்டியிருந்தால் தேவலை. "தலை உருண்டையா இருக்கே அம்மா, நூல் கொஞ்சம் சரிஞ்சாலும் போதுமே" என்றார், அவ்வளவுதான். வில்லைகளை விட்டுவிட்டு, கண், காது, மூக்கெலும்பு என்று இரண்டு படத்திலும் ஒவ்வொன்றாகக் குறி வைத்து அன்று பகல் முழுக்கப் பொருத்தினார். கண்ணோடு கண் சேர்ந்தது. கட்டி மூளைத்தண்டுக்குள்ளேயே இருந்தது. கத்தி வைக்க இடமில்லையாம்.

என்னாலா என்று கேட்டேன். "இல்லம்மா, அது மொதல்லேர்ந்தே அங்கதான் இருக்கு" என்றார். இருந்தாலும், இல்லாத ஆசையை உங்களுக்குக் காட்டியவள் நான். மன்னித்துக்கொள்ளுங்கள்.

வலிப்பு வருவதை நோட்டில் குறித்து வருகிறேன். போன வாரம் நான்கு, இந்த வாரம் ஒன்பது. ரேடியேஷன் கதிர் வைத்துப் பார்க்கலாம் என்கிறார்கள். சொல்லும்போது முகத்தைப் பார்த்துச் சொல்வதில்லை. விளக்கேற்றி நிற்கிறேன், என்ன கேட்பது என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து பவானேஸ்வரி டீச்சர் வந்து புத்தகம் கொடுத்துவிட்டுப் போனார். எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று மோகனா மூடி வைத்துவிட்டாள்.

அந்த மூன்று மாதம் வேண்டாங்க. பணம் அனுப்ப வேண்டாம். லீவு கொடுக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு வாருங்கள். "அப்பா வந்தா எனக்கு ரெண்டு அப்பா தெரியும்லா" என்று நேற்று சொன்னாள். கண் தெரியும்போதே வாருங்கள். வழியெல்லாம் அம்மன் உங்களுக்கு முன்னால் நடக்கட்டும்.

இப்படிக்கு,
கமலவேணி