கிழக்கு வாயில் திறக்கும் நேரம்

கடல் ஓயாது ஒலிக்க, கானற்சோலை நிழல் மாறாதிருக்க, உப்பும் மீனும் முத்தும் ஒன்றையொன்று விஞ்சி விளைய, அறம் பிறழாத கானற்கரை நாட்டின் கோமகளும், வெண்பாறை நாட்டின் பட்டத்தரசியும், இங்குள்ளோர் நாவில் இன்றும் எங்கள் தேவியார் என்றே வழங்கப்படுபவருமான முத்திழை தேவியார் திருமுன், வெண்பாறை நாட்டு அமைச்சன் வேட்டங்கீரன் தாள் பணிந்து விடுக்கும் ஓலை. தேவியார் நலம் வாழ்க. தந்தையார் செங்கோல் வாழ்க. தேவியாருடன் சென்ற தோழி ஞாழல் உடலும் உள்ளமும் தேறி வாழ்க. இங்கே மழை உண்டு, விளைச்சல் உண்டு, பகை இல்லை. தேவியார் மட்டும் இல்லை.

தேவியார் எதற்காகப் போனார் என்பதை இந்த ஓலை மூடி மறைக்காது. விடியற்சங்கு ஊதியதும் அரசர் தம் கையால் கிழக்கு வாயிலின் தாழை நீக்கவேண்டும் என்பது முன்னோர் வைத்த முறை. உறக்கத்தை விட மனமில்லாத அரசர் நெடுவெளியனார், தாம் கண்விழித்த பிறகு சங்கு ஊதினால் போதும் என்று சொல்லிவைத்தார். அன்று முதல் வெண்பாறையில் சூரியன் ஒரு நேரத்திலும் விடியல் வேறொரு நேரத்திலும் வந்தன. வெயில் முதுகைச் சுடும் பொழுதிலும், கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை என்று அரண்மனைக் கணியர்கள் கூசாமல் சொன்னார்கள். அவையினரும் கொட்டாவி விட்டபடி அதற்குத் தலையாட்டினார்கள்.

சிரிக்கத்தக்க இந்த ஏற்பாடு சிரிப்போடு முடியவில்லை. நிறைசூலியான ஞாழலுக்கு வலி கண்ட அன்று, புறஞ்சேரியிலிருந்து ஓடிவந்த மருத்துவச்சி சாத்திய கதவைத் தட்டிக்கொண்டே வெளியில் நின்றாள். சங்கு ஊதவில்லை என்று காவலர் திறக்கவில்லை. அவள் இன்னும் வந்து சேரவில்லை போலும் என்றெண்ணி, தேவியார் உள்ளே ஞாழலின் கையைப் பற்றியபடி வழிபார்த்திருந்தார். அரசர் விழித்து, சங்கு ஊதி, கதவு திறந்தபோது பிள்ளை உயிரோடு இல்லை. தேவியார் அழவில்லை, பழிக்கவும் இல்லை. இந்நாட்டில் கதவு எப்போது திறக்கும் என்று மட்டும் அரசரிடம் கேட்டார். ஞாழலை வண்டியில் ஏற்றிக்கொண்டு தேவியார் அதே வாயில் வழியாகப் போனார்.

அதன்பின் அரசர் பட்ட பாட்டைத் தேவியார் அறியார். சங்கு இனி எவருக்காகவும் காத்திராது, அரசர் வாராவிட்டால் காவலர் தாழை நீக்குக என்று அன்றே ஆணை பிறந்தது. அரசர் இல்லாமலே நாடு விடியத் தொடங்கியது. அது அவரை மேலும் சுட்டது. அவையைக் கூட்டிப் பெரிய சூளுரைத்தார். இருளில் எழுவது, குளிர்நீரில் மூழ்குவது, வாட்பயிற்சி, நூலோதல், வழக்குக் கேட்டல், ஒருவேளை உணவு என அத்தனையும் நாளையே தொடங்கும் என்றார். அவை ஆர்ப்பரித்தது. அந்த வாரம் முடியுமுன் ஒருநாள் தூங்கிப்போனார். ஒன்று தவறியதும் எல்லாவற்றையும் கைகழுவிவிட்டு, தம்மைத் தாமே வெறுத்துக்கொண்டு கட்டிலில் கிடந்தார். இப்படி எத்தனை சூளுரைகள் எழுந்து விழுந்தன என்று சொல்ல இந்த அமைச்சனுக்கே நாணமாயிருக்கிறது.

தேவியார் கானற்கரையிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்து, கிழக்கு முற்றத்துக் கிணற்றடியில் நட்ட புன்னங்கன்று நினைவிருக்கும். தேவியாரின் முற்றத்தில் எவரும் காலடி வைக்கலாகாது என்று பிரிவுத் துயரில் அரசர் ஆணையிட்டிருந்தார். அன்பினால் இட்ட ஆணைதான்; ஆனால் கன்றுக்கு நீர் ஊற்ற ஆளில்லாமல் போயிற்று. அன்பு காட்டியே காயவைப்பது எங்கள் அரசருக்குக் கைவந்த கலை. ஒருநாள் அங்கே போனவர், இலை சுருண்டு நின்ற கன்றைக் கண்டு பதறி, ஏவலரைக் கூப்பிட வாயெடுத்து, பிறகு தாமே கயிற்றைப் பற்றினார். நீர் இறைத்து அறியாத கை கன்றிச் சிவந்தது. ஒரு குடம் ஊற்றினார். மறுநாளும் வந்து ஒரு குடம் ஊற்றினார்.

இம்முறை சூளுரை இல்லை, முரசு இல்லை. இதைப் பறையறைவிக்கலாமா என்று அமைச்சன் கேட்டதற்கு, வாயைத் திறக்கலாகாது என்று கடிந்துகொண்டார். காலையில் மறவாதிருக்கக் குடத்தைக் கட்டிலின் காலடியில் வைத்துப் படுத்தார். முதல் நாள் அது நன்றாகவே இடறியது. பெருவிரல் வீங்கி, நொண்டியபடி அவைக்கு வந்தார். போரில் பட்ட காயமோ என்று புலவர்கள் தமக்குள் கிசுகிசுத்தார்கள்.

நீர் ஊற்றி முடிக்கும் நேரத்தில் மதிலுக்கு வெளியே மாட்டு மணியும் இருமலும் பிள்ளைகளின் அழுகையும் கேட்கும். அவை என்றும் அங்கேதான் இருந்தன. அந்நேரத்தில் அரசர் விழித்திருந்ததில்லை. ஒருநாள் சங்கு ஊதியதும் ஈரக் கையோடு போய், காவலரை விலக்கித் தாமே தாழை இழுத்தார். பழகாத கைக்கு அது எளிதில் அசையவில்லை. வெளியே நின்ற மோர்க்காரி ஒருத்தி, உள்ளே இழுப்பவன் சோறு தின்பவன்தானா, மோர் புளிக்குமுன் திறப்பானா என்று உரக்கக் கேட்டாளாம். கதவு திறந்து ஆளைக் கண்டதும் அவள் முகத்தில் ஈயாடவில்லை. அவள் கேட்டதில் பிழையொன்றும் இல்லை என்றார் அரசர். அவளும் சற்றுத் தேறி, நாளைக்கும் இதே நேரம் வந்தால் போதும் என்று சொல்லிப் போனாள். எந்தப் புகழுரைக்கும் கலங்காத அரசர் கண் அந்தச் சொல்லுக்குக் கலங்கிற்று.

மறுநாளும் வந்தார். அந்த மருத்துவச்சியும் அவ்வழியேதான் வருவாள். அவள் அரசர் முகத்தைப் பார்ப்பதில்லை. அவரும் அதை எதிர்பார்ப்பதில்லை. அவள் கடந்து போகும்வரை கதவைப் பிடித்தபடி நிற்பார்.

தேவியாரிடம் பொய் சொல்லலாகாது. அறுவடை விழாவுக்கு மறுநாள் அரசர் தூங்கிப்போனார். காவலரே கதவைத் திறந்தார்கள். வெயில் ஏறி எழுந்தவரைக் கண்டு, இனி இதுவும் பழைய கதைதான் என்று இந்த அமைச்சன் மனம் சோர்ந்துபோனான். அரசரோ குடத்தை எடுத்துப் போனார். தவற்றுக்கு ஈடாக இரண்டு குடம் ஊற்றுவார், அல்லது பட்டினி கிடப்பார் என்று பார்த்தால், எப்போதும் போல ஒரே குடம் ஊற்றினார். அடுத்த நாள் சங்கு ஊதுமுன் வாயிலில் நின்றார். அன்றுதான் இந்த ஓலையை எழுதத் துணிவு வந்தது.

கன்று இப்போது அரசரின் தோளுயரம் வளர்ந்து, முதல்முறையாக அரும்பு கட்டியிருக்கிறது. நீர் ஊற்றிய பின் அதனருகே சற்று நிற்பார். அந்த நிற்றலைக் காண எவருக்கும் பொறுக்காது. கானற்கரையிலிருந்து உப்பு வண்டி வந்தால் வணிகரைத் தாமே எதிர்கொண்டு, அங்கே மழை எப்படி, கடற்காற்று எப்படி என்று கேட்பார். தேவியாரைப் பற்றி ஒரு சொல் கேட்க மாட்டார். வணிகர்களோ விவரம் தெரிந்தவர்கள். மழை நன்று, காற்று நன்று, தேவியாரும் நலமாகவே இருக்கிறார் என்று சேர்த்தே சொல்வார்கள். அன்று அரசர் உப்புக்கு விலை பேசுவதில்லை.

ஓலை விடுக்கலாமே என்று பலமுறை வேண்டியதற்கு, தேவியாரின் வரவுக்காக எழுபவன், அவர் வரவில்லை என்று தெரிந்த நாளில் எழமாட்டான் என்றும், ஏக்கம் இருக்கிற இடத்தில் இருக்கட்டும், நீர் ஊற்றுவது நடக்கட்டும் என்றும் மறுத்துவிட்டார். ஆகவே அவர் அறியாமல் எழுதப்பட்ட இந்த ஓலை, முத்திரை கேட்டபோது அவர் கைக்குப் போயிற்று. முழுதும் படித்தார். இறுதியில் தேவியார் திரும்பி வந்தருள்க என்று இருந்த வரியை மட்டும் கத்தியால் சுரண்டச் செய்து, அவ்விடத்தில் புன்னை நலம் என்று எழுதப் பணித்தார். பிறகு, நாளை எழவேண்டும் என்று சொல்லி உறங்கப் போனார். அவர் போனபின் இச்செய்தியை இந்த அமைச்சன் ஓலையின் ஓரத்தில் சேர்த்தான்.

புன்னை நலம்.

வெண்பாறையின் களிற்று முத்திரை இட்டு, ஓலை கொண்டு செல்வோனுக்கு அரசர் இட்ட ஆணை இது: நாளை விடியற்சங்கு ஊதியதும் அரசர் தாழ் நீக்கக் கிழக்கு வாயில் வழியே புறப்படுக. தேவியாரின் கையில் ஓலையைத் தந்து, மறுமொழி வேண்டி நில்லாமல் திரும்புக. இந்நாட்டில் கதவு எப்போது திறக்கும் என்று தேவியார் மீண்டும் கேட்டால், விடியும்போது என்று சொல்லுக. வேறொன்றும் சொல்ல வேண்டா.