பூங்கா மரம் மொட்டையான சித்திரை

அண்ணே,

கோணல்மாணலான இந்த எழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். முதியோர் வகுப்பில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. ஒரு வரி முடிவதற்குள் மேடேறும் ஜீப்பைப் போல மூச்சு வாங்குகிறது. ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை. நீங்களும் பள்ளிக்கூடம் போனதில்லை. படிக்கத் தெரியாதவருக்கு மடல் எழுதுகிறேனே என்று சிரித்துக்கொள்கிறேன்.

காலையில் மின்கம்பிக்காகத் தெருவில் கிளை வெட்டினார்கள். பச்சை மரத்தின் வாடை வீட்டுக்குள் வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எழுபத்தெட்டாம் வருடமோ எழுபத்தொன்பதோ, ஒரு சித்திரை மாதம். மலையில் ஏலத்தோட்ட வேலையை விட்டு நான் வேலை பார்த்த நம் நகராட்சிப் பூங்காவுக்கு நீங்களும் வேலைக்கு வந்த புதிது. மலைப் பனி மதினியின் நெஞ்சை அடைத்ததால்தான் போடிக்கு இறங்கினீர்கள். நான் ராசிங்காபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பினால், பெரிய தூங்குமூஞ்சி மரம் மொட்டையாக நிற்கிறது. அடியில் வெயில் கொதிக்கிறது.

"என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீக?"

"மழைக்கு முன்னால கெளையக் கழிச்சு வெளிச்சம் விடணும்டா. தோட்டத்துல அதான மொத சோலி?" என்றீர்கள் பெருமையாக.

மத்தியானம் ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண்கள் தூக்குவாளியோடு சாப்பிட வந்தார்கள். உட்கார இடமில்லை.

"யோவ், நெழல எங்கய்யா? மலைக்கு லோடு ஏத்தி விட்டுட்டியா?"

அப்போதுதான் உங்கள் முகம் மாறியது. மறுநாள் நகராட்சி ஓவர்சியர் வந்து கத்தினார். "ஆடி பொறக்குறதுக்குள்ள துளிர்க்கணும். இல்ல, வந்த மலைக்கே போயிரு."

குழாயில் தண்ணீர் வராத கோடை அது. கிணற்றிலிருந்து சுமந்து ஊற்றினோம். வெட்டுவாயில் சாணி அப்பினோம். தினமும் நான் ஏறிக் கிளையின் பட்டையை நகத்தால் கீறுவேன். "பச்சை இருக்காடா?" என்று கீழேயிருந்து கேட்பீர்கள். "இருக்குண்ணே" என்பேன். வைகாசி போயிற்று. ஆனியில் மலை மெட்டுப் பக்கமிருந்து காற்று இறங்கியது. துளிர் மட்டும் இல்லை. மதினி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிவிட்டார்.

ஆனி கடைசியில் ஓவர்சியர் வந்தார். அண்ணாந்து பார்த்துவிட்டு, "சாமான் கட்டியாச்சா?" என்றார். உங்களுக்குச் சோறு கொண்டுவந்திருந்த மதினிதான் மரத்தைச் சுற்றிப்போய், "அய்யா, இங்கிட்டு வந்து பாருங்க" என்றார். இத்தனை நாளும் நாம் கிளைகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். அடிமரத்தில், முழங்கால் உயரத்தில், விரல் நீளத்துக்கு ஒரு துளிர்.

"என்னத்தையும் ஒட்டி வச்சிருக்கியா?" ஓவர்சியர் அதைப் பிடித்து இழுத்தார். மறுபடியும் இழுத்தார். வரவில்லை.

"சரி, இருந்து தொலை" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

மதினி அங்கேயே உட்கார்ந்து அழுதார். கடைசிவரை அவர் மலையேற வேண்டியிருக்கவில்லை. மரம் தழைத்து வரும்வரை அந்தப் பெண்கள் உச்சிவேளையில் சாப்பிட, நீங்களே ஓலைப்பந்தல் போட்டுக் கொடுத்தீர்கள்.

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் பூங்காவில் பல வருடம் வேலை பார்த்தேன். எந்தக் கிளையில் அரிவாள் வைப்பதானாலும், உச்சி வெயிலில் அதன் கீழே யார் உட்காருகிறார்கள் என்று பார்த்த பிறகுதான் வைத்தேன். இப்போதும் தெருவில் யாராவது மரத்தில் ஏறினால் என் கண் தரைக்குத்தான் போகிறது.

விரல் மரத்துவிட்டது அண்ணே. வருகிற வாரம் கை கொஞ்சம் பழகியிருக்கும், மதினிக்கு எழுதுகிறேன்.