நம் வீட்டு மேசைக்குக் குருவி வந்த கதை

என் கண்ணான மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும், புதிதாகக் கூடச் சேர்ந்திருக்கும் இன்னொருத்தியும் சுகமாக இருக்கிறோம், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், சண்டை போடுகிறோம், அதனால் வீடு ஒழுங்காக நடக்கிறது என்று வைத்துக்கொள். நீயும் அங்கே சளி இருமல் ஒன்றும் இல்லாமல், வேலையும் தூக்கமும் சரியாக அமைந்து, நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஃபோனில் பேசாமல் இது என்ன கடிதம் என்று கேட்பாய். எங்கள் கடையில் உன் புது மூக்குக்கண்ணாடி தயாராகிவிட்டது, அதைப் பார்சல் கட்டும்போது பெட்டியில் இடம் மிச்சம் இருந்தது, வீணாக்குவானேன் என்று எழுத உட்கார்ந்தேன். அதோடு ஃபோனில் நான் சாப்பாட்டுப் பேச்சை எடுத்த உடனே உன் வீட்டுக் கதவை யாராவது தட்டிவிடுகிறார்கள். காகிதத்தை அப்படிப் பாதியில் வைத்துவிட்டுப் போக முடியாது பார்.

உன் அறையை வாடகைக்கு விட்டது உனக்குத் தெரியும், யாருக்கு விட்டோம் என்பதை மட்டும் உன் அப்பா பெருமையடித்துச் சொல்லட்டும் என்று விட்டு வைத்திருந்தேன், அவர் சொல்கிற வழியாக இல்லை. குத்துச்சண்டை போடுகிற பெண்ணுக்கு. பகலில் பார்சல் கிடங்கில் பெட்டி பிரிக்கிறாள், சாயங்காலம் பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கிற கூடத்தில் போய்க் குத்துகிறாள். வந்த அன்று கையில் ஒரு துணிப்பை, ஒரு ஜோடிச் சிவப்புக் கையுறை, ஒரு எடை பார்க்கிற மெஷின். ஆளைப் பார்த்தால் காற்றடித்தால் கொடியில் கிடக்கிற துணியோடு சேர்ந்து பறந்துவிடுவாள் போல இருந்தது. இரவு மேசைக்குக் கூப்பிட்டேன். வந்தாள், உட்காரவில்லை. “எனக்கு எதுவும் எடுத்து வைக்காதீங்க ஆன்ட்டி, நானே வந்து கேட்டாலும் குடுத்துடாதீங்க” என்றாள். ஃபிரிட்ஜில் ஒரு அடுக்கு மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு அதில் வெள்ளரிக்காய், அவித்த முட்டை, தயிர் என்று மூடி போட்டு அடுக்கினாள். உப்பு கிடையாது, சர்க்கரை கிடையாது, மத்தியானத்துக்கு மேல் சோறு ரொட்டி கிடையாது, எண்ணெயில் பொரித்ததைத் திரும்பிப் பார்ப்பதே கிடையாது. இருப்பதிலேயே சின்ன எடைப் பிரிவில் போட்டி போடுகிறாளாம், அந்த எடைக்கு மேலே ஒரு நூல் ஏறினாலும் மேடையில் ஏற விட மாட்டார்களாம். அவள் வெள்ளரிக்காயைக் கொறிக்கிற அழகைப் பார்த்து உன் அப்பா குருவி என்று பெயர் வைத்தார், அதுவே நிலைத்துவிட்டது.

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. நம் வீட்டுச் சட்டம் நீ அறியாததா. இந்தக் கூரைக்குக் கீழே படுத்துத் தூங்குகிறவர் இரவுச் சாப்பாட்டுக்கு மேசைக்கு வந்தாக வேண்டும், வாயில் வைத்துப் பார்க்காமல் பிடிக்காது என்று சொல்லக் கூடாது, நின்றுகொண்டு தின்னக் கூடாது. முட்டைக்கோசை வைத்துக்கொண்டு நீ கண்ணீர் விட்ட நாளில்கூட நான் தளர்த்தாத சட்டம். அதை நேற்று வந்தவள் வாசற்படியிலேயே நிறுத்திவிட்டாள். சரி, அவள் ஒருத்தி என்றால் போகட்டும், உன் அப்பாவும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டார். டாக்டர் சர்க்கரையைக் குறை, வயிற்றைக் குறை என்று எத்தனை வருஷமாகக் கரடியாகக் கத்துகிறார், நான் அதற்கு மேலே கத்துகிறேன், காதில் ஏறியதா. குருவி சொன்னதும் ஏறிவிட்டது. காலையில் இரண்டு பேரும் மாடிப்படித் திருப்பத்தில் மெஷினை வைத்து மாறி மாறி ஏறி நிற்கிறார்கள். ஆயுள் முழுக்க லிஃப்டுக்குள் இத்தனை பேர், இத்தனை கிலோ என்று பலகை மாட்டிய மனுஷன், தன் கிலோவை இப்போதுதான் முதல் தடவையாகப் படிக்கிறார். பெல்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டு, போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் காட்டினார். நான் ஒருத்திதான் சோறு தின்கிறவள், என் வீட்டிலேயே திருடி மாதிரி. ஒரு நாள் வீம்புக்கு என்றே கோழிக் குழம்பு வைத்தேன். மேசையின் அந்தப் பக்கம் இரண்டு பேரும் வெள்ளரிக்காய்த் துண்டோடு உட்கார்ந்து என் தட்டையே பார்த்தார்கள். உன் அப்பா கடைசியில், “மூடியைக் கொஞ்சம் திறந்தே வையேன், வாசனைக்கு எடை கிடையாதே” என்றார். குருவிக்குச் சிரிப்பு வந்து முட்டை புரையேறியது. அன்றைக்கு நானும் சிரித்துவிட்டேன், ஆனால் கோபம் போகவில்லை.

போட்டி நெருங்க நெருங்க அந்தச் சிரிப்பு காணாமல் போயிற்று. மழைக்கோட்டு மாதிரி ஒரு பிளாஸ்டிக் சட்டையைப் போட்டுக்கொண்டு மாடிப்படித் திருப்பத்தில் கயிறு தாண்டினாள், கீழே சொட்டச் சொட்ட வேர்வை. தண்ணீரைக்கூட மூடியில் அளந்து குடித்தாள். மிட்டாயை வாயில் போட்டு ஊறுகிற எச்சிலை ஒரு கப்பில் துப்பிக்கொண்டே இருந்தாள், அதுவும் எடைதானாம். அவள்தான் எதுவும் குடுத்துடாதீங்க என்று சொல்லியிருக்கிறாளே, நானும் ரோஷக்காரிதானே, வாயை மூடிக்கொண்டு இருந்தேன். கடை விடுமுறை அன்று துணி மடித்துக்கொண்டிருந்தேன். படியில் கயிறு விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, திடீரென்று வேறு மாதிரி ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் சுவரில் சாய்ந்து படியில் உட்கார்ந்திருக்கிறாள், உதடு வெள்ளைக் காகிதம், கை மெஷினைப் பிடித்தபடி இருக்கிறது. தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலக்கி எடுத்து வந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். “குடிச்சா ஏறிடும் ஆன்ட்டி, இவ்வளவு நாள் பட்டதெல்லாம் போயிடும்” என்று அழுதாள், அழுகிறாள் ஆனால் கண்ணில் தண்ணீர் வரவில்லை, அதைப் பார்த்தபோதுதான் நான் நிஜமாகவே பயந்தேன்.

அந்த நேரத்துக்குத்தான் உன் அப்பா அரை நாள் வேலை முடிந்து வந்தார். இத்தனை நாள் அவள் கட்சியில் இருந்தவர், பையைப் போட்டுவிட்டு நேராகப் படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டவில்லை, புத்தி சொல்லவில்லை. “எங்க வேலையில பாரும்மா, லிஃப்ட் தாங்கலைன்னா ஏறினவனோட காலையும் கையையும் வெட்டிட்டு ஏத்த மாட்டோம், பெரிய லிஃப்டா போடுவோம். உனக்கு மேல் எடைன்னு ஒண்ணு கிடையாதா?” என்று கேட்டார். அவள் மெஷினில் இருந்து கையை எடுத்தாள். அப்புறம், “இருக்கு அங்கிள், ஆனா அதுல அவ இருக்காளே” என்றாள். போன வருஷம் பயிற்சியில் ஒரு பெண் விட்ட குத்தில் இவள் மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியிருக்கிறது. அவள் இருக்கிற பிரிவுக்குப் போகக் கூடாது என்றுதான் இந்தப் பெண் ஒவ்வொரு கிராமாகத் தன்னைச் செதுக்கிக்கொண்டு கிடந்திருக்கிறாள். நான் திமிர் என்று நினைத்ததெல்லாம் பயம். டம்ளரை இன்னும் ஒரு தடவை நீட்டினேன். பாதி குடித்தாள். கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம், டாக்டரம்மா கையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, உடம்பில் தண்ணீரே இல்லை, இப்படியே போனால் மேடைக்கு இல்லை, ஆஸ்பத்திரிக்குத்தான் போவாய் என்று சொல்லி ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்றி அனுப்பினார்.

சாயங்காலம் அவளுடைய கோச் வந்தார். கதவை அடைக்கிற உருவம், ஒரு காது அப்பளம் மாதிரி சுருங்கியிருக்கிறது, குரல் மட்டும் பூனைக்குட்டிக் குரல். அவரைப் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று நான் மத்தியானமே ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன், அந்த மனுஷன் அதற்கு வழியே வைக்கவில்லை. “மேல போயிடுன்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேம்மா, கேட்க மாட்டேங்குறா, வெறும் வயித்தோட பட்டினி கிடக்குறது எனக்குத் தெரியாது” என்று சோபா ஓரத்தில் ஒண்டி உட்கார்ந்து கண் கலங்கினார். மேல் எடைப் பிரிவுக்குப் பெயரை மாற்ற இன்னும் நேரம் இருந்தது. எல்லோரும் குருவியைப் பார்த்தோம். அவள் என்னைப் பார்த்து, “ஆன்ட்டி, சோறு இருக்கா?” என்றாள். அவ்வளவுதான் பதில். மேசைக்கு வந்தாள், உட்கார்ந்தாள். சோறு, பருப்பு, ஒரு முட்டை. இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்கக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன், நாக்குக்கு அப்படி ஒரு அரிப்பு. மெதுவாக நாலு வாய் சாப்பிட்டவள் நிமிர்ந்து, “தப்பா எடுத்துக்காதீங்க, உப்பு கம்மியா இருக்கு” என்றாள். உன் அப்பாவுக்காக உப்பைக் குறைத்தது நானேதான், ஆனாலும் என் சமையலில் குறை கண்டுபிடித்த அந்த வார்த்தை அன்றைக்கு எனக்குப் பாராட்டு மாதிரி இனித்தது.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் கூத்து. மேல் பிரிவு என்றால் அந்த எடைக்குக் கீழே இருக்கவும் கூடாதாம். இப்போது குருவி ஏற வேண்டும். என் ராஜ்ஜியம் திரும்பி வந்துவிட்டது. வாழைப்பழம், வெண்ணெய் தடவிய ரொட்டி, பால், உருளைக்கிழங்கு, எதைக் கொண்டுபோய் வைத்தாலும் தின்றாள், கோச்சும் டாக்டரம்மாவும் சரி என்று சொன்ன அளவுக்குத்தான், நீ உடனே பயப்படாதே. எதிரில் உன் அப்பா வெள்ளரிக்காயோடு உட்கார்ந்து, “கட்சி மாறிட்டியே குருவி” என்று பெருமூச்சு விட்டார். எடை பார்த்தார்கள், தேறினாள். அந்த மெஷினுக்கு முன்னால் அவளைவிட எனக்குத்தான் கை வேர்த்தது.

போட்டிக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். மூக்குடைத்தவளேதான் எதிரில். மணி அடித்ததும் நான் கைப்பையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன், உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து என்ன நடக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார், பயத்தில் அவரும் பாதியில் கண்ணை மூடிக்கொண்டார், அதனால் முதல் சுற்றில் என்ன நடந்தது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. அடுத்த சுற்றில் பார்த்தேன். அடி வாங்கினாள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பின்வாங்கவில்லை. கடைசிச் சுற்றில் அந்தப் பெண் வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறாள், நம் குருவி இன்னும் குதித்துக்கொண்டு நிற்கிறாள், நான் எழுந்து நின்று, வேண்டாம், நான் கத்தியதை இங்கே எழுத முடியாது. தீர்ப்பு மயிரிழையில் அவளுக்குப் போயிற்று, குருவி தோற்றாள். நான்தான் அழுதேன். அவள் உதட்டில் வீக்கத்தோடு இறங்கி வந்து, “மூக்கு இருக்கான்னு பாருங்க ஆன்ட்டி, இருக்குல்ல!” என்று என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் அந்த ஜெயித்தவளும் எங்கள் வரிசையில் வந்து உட்கார்ந்தாள். கிட்டத்தில் பார்த்தால் அவளும் ஒரு சின்னப் பெண்தான். என் டப்பாவில் இருந்த ரொட்டியைப் பார்த்து, “ஒண்ணு எடுத்துக்கலாமா, காலையில இருந்து எதுவும் இறங்கலை, உங்க பொண்ணைப் பார்த்து அவ்வளவு பயம்” என்றாள். எந்தப் பெண்ணைப் பார்த்து யாருக்குப் பயம் பார்த்தாயா. இரண்டும் ஒரே டப்பாவில் கைவிட்டுத் தின்றன.

இப்போது வீட்டில் சட்டத்தைத் திருத்தி எழுதிவிட்டோம். இரவு எல்லோரும் மேசைக்கு வர வேண்டும், அது மாறாது. ஆனால் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பது தட்டுக்காரர் விருப்பம். வேண்டுமா என்று நான் ஒரு தடவைதான் கேட்பேன், இரண்டாம் தடவை கேட்டால் அன்று பாத்திரம் நான் கழுவ வேண்டும். முதல் வாரம் முழுக்க நான்தான் கழுவினேன். பட்டினி மட்டும் கூடாது, அதற்கு யாருக்கும் விலக்கு இல்லை. உன் அப்பாவின் சர்க்கரை இறங்கியிருக்கிறது, டாக்டர் கைகுலுக்கினாராம், அந்தப் புகழ் குருவிக்குத்தான் சேரும், எனக்கு இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நீயும் அங்கே பால் விட்டேன், கோதுமை விட்டேன் என்று ஏதேதோ சொன்னாய், நான் ஃபோனிலேயே கச்சேரி வைத்தேன். விட்டது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாததாலா, யாரோ ஏதோ சொன்னதாலா என்று மட்டும் உன்னையே நீ கேட்டுக்கொள், பதிலை எனக்குச் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. இனி நீ சாப்பிடுகிற நேரத்திலேயே கூப்பிடு, தட்டைக் கேமராவில் காட்டச் சொல்ல மாட்டேன், உன் முகத்தைக் காட்டினால் போதும்.

நீ வரும்போது அறை போச்சே என்று நினைக்காதே, குருவி ஹாலில் படுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள், உன்னைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு ஆசை, உன் முட்டைக்கோஸ் கதையெல்லாம் மனப்பாடம். இன்றைக்கு அவள் சமைக்கிறாளாம், சூப். என்னை அடுப்படிக்குள் விடவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளம் எழுத முடிந்தது. ஏதோ கருகுகிறது, நான் எழுந்திருக்க மாட்டேன். கூப்பிடுகிறார்கள், போகிறேன். கண்ணாடியைப் போட்டதும் முதல் இரண்டு நாள் தரை மேடு பள்ளமாகத் தெரியும், படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள், துடைக்கச் சட்டை நுனியை எடுக்காதே, உள்ளேயே துணி வைத்திருக்கிறேன். நோய் நொடி இல்லாமல், மனசில் பாரம் இல்லாமல், நீ நினைத்ததெல்லாம் நடந்து நீடூழி நன்றாக இரு என் தங்கமே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா

அப்பா எழுதுவது: அம்மா கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் வாங்கிக்கொண்டேன். சூப் வாயில் வைக்கிற மாதிரி இல்லை. உன் அம்மா இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிக் குடித்தாள்.