கவுண்டர் முகப்பில் ஐந்து பெண்கள்

ஜூலை 7, திங்கள்

மகள் ரூபினிக்கு இருமல் நின்றபாடில்லை. நெஞ்சில் காது வைத்து மூன்று முறை கேட்டுவிட்டேன். நாலு வயதுக் குழந்தையின் மூச்சு இப்படியா கரகரக்கும்? எஸ்டேட் லைன் வீட்டுச் சுவரெல்லாம் ஈரம்.

இதற்கு நடுவில் இன்றைய எரிச்சல். எஸ்டேட்டின் புது டீக்கடை திறந்து பத்து நாளாகிறது. இன்றுதான் போக முடிந்தது. டூரிஸ்ட் கூட்டம். கவுண்டரின் முகப்பில் என் ஐந்து பெண்கள். மெராந்தி மரப் பலகையில் செதுக்கிய உருவங்களாக, முதுகில் கூடையோடு, குனிந்தும் நிமிர்ந்தும் கொழுந்து கிள்ளுகிறார்கள். நான் வரைந்தது வரைந்தபடியே. ஓரத்தில் ஒரு பித்தளைத் தகடு. வடிவமைப்பு என்று போட்டு, ஒரு கே.எல். (கோலாலம்பூர்) கம்பெனியின் பெயர்.

என் பெயர் எங்கே?

ஜூலை 8

ஆறவில்லை.

போன வருஷம் மானேஜர் லிங்கேஸ்வரன்தான் கூப்பிட்டார். "ஈப்போவுல இன்டீரியர் படிச்ச பொண்ணுதானே நீங்க, சும்மா ஒரு ஐடியா குடுங்க லா." அந்தச் சும்மாவுக்கு எனக்கு இரண்டு மாதம் ஆனது. மாமியார் மணியம்மாவுக்கு அவருடைய பழைய கொழுந்துக் கூடையை மாட்டிவிட்டு, வாசலில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்து, அதைப் பார்த்து வரைந்தேன். ஐந்து பெண்களுக்கும் அத்தையின் முகம்தான். ரிங்லெட் டவுனில் குணாளன் அண்ணனின் தச்சுப் பட்டறைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், மூக்குத்தி வரைக்கும் சொல்லிச் செதுக்க வைத்தேன். கே.எல்.காரர்கள் விளக்கும் நாற்காலியும் வாங்கிப் போட்டார்கள். பெயர் அவர்களுக்கு!

என் வீட்டுக்காரரிடம் சொன்னால், "விடு யோகா, டீ குடிக்க வர்றவன் தகடா படிக்கப் போறான்" என்கிறார்.

"உங்க லோரிய வேற ஒருத்தன் நான்தான் ஓட்டினேன்னு சொன்னா விடுவீங்களா?"

"டீசல் அவன் போட்டா விட்டுருவேன்."



ஜூலை 11

ஆபீசுக்குப் போனேன். ஒரு மணி நேரம் காக்க வைத்தார்கள், இருமுகிற பிள்ளையோடு.

"இதெல்லாம் டீம் வொர்க்மா" என்றார் மானேஜர்.

"அப்ப டீம்ல இருக்கிற எல்லார் பேரும் தகட்டுல இருக்கணுமே சார்?"

கணக்கெழுதும் கிராணியின் டைப்பிங் நின்றது. தேதி போட்ட படங்களை மேசையில் ஒவ்வொன்றாக வைத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் பிடித்தது. இந்த வீடு எஸ்டேட் வீடு, அத்தையின் வேலைக்காகக் கொடுத்தது. அத்தை ரிட்டயராகி மூன்று வருஷம் ஆகிறது. காலி பண்ணச் சொல்லிவிட்டால்?

ஜூலை 15, செவ்வாய்

ஜெயித்துவிட்டேன்! மானேஜரே போன் செய்தார். புதுத் தகடு வருகிறதாம். முகப்புச் செதுக்கு வடிவமைப்பு: யோகேஸ்வரி புவனேஸ்வரன். டிப்ளோமாவுக்குப் பிறகு கிளினிக் அட்டையில் தவிர வேறெங்கும் என் பெயரை நான் பார்த்ததில்லை.

அத்தை இன்னும் அந்தப் பலகைகளைப் பார்க்கவில்லை. முட்டி வலி. சனிக்கிழமை கூட்டிப் போக வேண்டும்.

ஜூலை 19, சனி

அத்தை கோயிலுக்குக் கட்டும் சேலையில் வந்தார். வரிசையில் நின்று கவுண்டர் பக்கம் வந்ததும் சட்டென்று பின்வாங்கினார். செருப்பைக் கழற்றினார். கையில் எடுத்துக்கொண்டு, ஐஸ் மாதிரி இருந்த தரையில் வெறுங்காலோடு நின்றார். பின்னால் நின்ற இரண்டு பெண்கள் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

"அத்தை, இது கோயில் இல்ல, போட்டுக்குங்க."

போடவில்லை. டீயும் குடிக்கவில்லை. காரில் ஏறிய பிறகு கேட்டேன், என்னதான் ஆச்சு என்று.

"செருப்புக் காலோட என் மூஞ்சிகிட்டயே போய் எப்படி நிக்கிறது?" கையில் இருந்த செருப்பை அப்போதுதான் கீழே போட்டார். பிறகு, "நல்லாத்தான் வரைஞ்சிருக்க. எட்டி உதைக்கிறதுக்கு வாட்டமா."

இரண்டு மாசம் கண்ணு எரிய வரைஞ்சவளுக்கு இதுவா பேச்சு? ஒரு நல்ல வார்த்தை கிடையாதா? "படிச்சவ செஞ்சா உங்களுக்கு எதுதான் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன்.

ஜூலை 20

வீட்டில் தோசைக்கல் மட்டும் சத்தம் போட்டது.

ஜூலை 21, திங்கள்

ரூபினியை அத்தையிடம் விட்டுவிட்டு (சண்டை எனக்கும் அவருக்கும்தான், பேத்தியோடு இல்லை) கடையில் ஒரு மூலையில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம், வருகிறவர்களின் கால் சப்பாத்துகளை மட்டும் பார்த்தேன்.

ஸ்ட்ராபெரித் தோட்டத்துச் சேறு அப்பிய பூட்ஸ். ஒருவன் போனைத் தட்டிக்கொண்டே கால் நுனியை இரண்டாவது பெண்ணின் தாடையில் ஊன்றி நின்றான். இடுப்பளவு உயரப் பையன் ஒருத்தன் அம்மாவின் கையைப் பிடித்துத் தொங்கியபடி கூடையை டக் டக்கென்று உதைத்தான். மூன்றாவது பெண்ணின் மூக்கு இதற்குள் வெளுத்துவிட்டது. கண்ணில்லையா இவர்களுக்கு? ஒருத்தனையாவது பிடித்துக் கேட்கலாம் என்று எழுந்தேவிட்டேன்.

எழுந்து, என்ன கேட்பது?

முகத்தை அங்கே வைத்தது யார்? கே.எல்.காரனா? நான்தான். மேலே கேக் கண்ணாடி, அதன் கீழே ஒரு சாண் பட்டை. அதற்கும் கீழேதான் இடம் நிறைய. அதை என் கையாலேயே படத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறேன்: கீழ்ப்பகுதியில் இடம் அதிகம். மேசையில் விரித்த தாளுக்குத் தரை ஏது, கால் ஏது? புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள் நான். ஆயுத பூஜைக்கு அத்தையின் பழைய கூடைக்குச் சந்தனம் வைப்பதும் நான்தான்.

குணாளன் அண்ணன் அன்றைக்கே கேட்டார், "கீழயா தங்கச்சி வைக்கப் போற?" என்று. "ஆமாண்ணே, ப்ரொபோர்ஷன்" என்றேன். எனக்குப் படித்த திமிர்.

ஜூலை 23

பின்சுவரில் உயரமாக மாட்டலாமே என்று மானேஜரிடம் கேட்டேன். அங்கே மெனு போர்டாம், இடமில்லையாம். அப்படியானால் கழற்றிவிடுங்கள் என்றேன். சிரித்தார்.

"சண்டை போட்டதும் நீங்க, இப்ப வேணாங்கிறதும் நீங்களா? டூரிஸ்டுக்குப் பிடிச்சிருக்கும்மா. உங்க வேலையே அந்த அஞ்சு பலகைதான். அதை எடுத்துட்டா உங்க பேருக்கு அங்க என்ன வேலை? தகடு ரெடியா இருக்கு. யோசிச்சு சொல்லுங்க."

மிதித்தவனுக்கு எந்த யோசனையும் இல்லை. யோசிப்பது மட்டும் எப்போதும் நாங்களா?

ஜூலை 24

ஒரே ஒரு இடத்தில் என் பெயர் இருந்தால் என்னவாம்?

ஜூலை 26, சனி

கழற்றச் சொல்லிவிட்டேன்.

கடை திறக்கும் முன்னே குணாளன் அண்ணன் வந்து கழற்றினார். இந்த மலை ஈரத்துக்குப் பசை நிற்காது என்று திருகாணி போடச் சொல்லியிருந்தேன்; உருப்படியாக யோசித்தது அது ஒன்றுதான். என் வீட்டுக்காரர் லோரியில் கோஸ் இலைக் குப்பை நடுவே பலகைகளை ஏற்றி வந்தார். வைக்க இடமில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

அத்தை எட்டிப் பார்த்தார். "அங்க உதை, இங்க ஒட்டடையா எனக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும். அலமாரி மேலே ஏற்றினோம். "அன்னைக்குக் காருல பேசினது..." என்று ஆரம்பித்தேன். "பிள்ளைக்கு மருந்து குடுத்தியா?" என்றார்.

ஆகஸ்ட் 2, சனி

ரூபினிக்கு இருமல் குறைந்திருக்கிறது. எல்லோரும் கடைக்குப் போனோம்.

முகப்பில் இப்போது வெறும் பழுப்புப் பலகை. கே.எல். கம்பெனித் தகடு பளபளவென்று அங்கேயே இருக்கிறது. பார்த்ததும் வயிறு எரிந்தது. எரியவில்லை என்று எழுதினால் அது பொய்.

அத்தை செருப்புக் காலோடு நேராகப் போய்க் கவுண்டரில் முழங்கையை ஊன்றி, வலிக்கும் முட்டியைப் பலகையில் சாய்த்துக்கொண்டு நின்றார். ஒரு வாய் குடித்தார். கோப்பையைத் திருப்பி நீட்டினார்.

"இருபத்தெட்டு வருஷம் நான் கிள்ளின தேயிலைம்மா இது. இப்படியா தண்ணியா ஊத்துவ? கட்டியா போடு லா."

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அவர் நகரவில்லை.